அறிவோம், பறிப்போம், சமைப்போம்: நம் தோட்டத்துக் கீரைகள்



இந்த மாதப் பாடத்தைச் சமையலறையில் வைத்துக்கொள்வோம். சமய வகுப்புக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கடைசிவரை படித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கெடாவில், பீடோங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்து வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். பாட்டி பால்மரம் வெட்டி முடித்து, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது வெறும் மடியோடு வந்த நாளே இல்லை. வருகிற வழியில் பறித்த கீரை மடியில் இருக்கும். அஞ்சடியில் உட்கார்ந்து அதைக் கொட்டி, காம்பு வேறு, இலை வேறாக ஆய்வார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடைக் கணக்கில் ஏறும். கீரை மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இடைநிலைப் பள்ளிக்காக நான் பட்டணத்துக்குப் போனேன். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சோறும் குப்பைக்கீரைக் கடையலும். பக்கத்தில் இருந்த நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இதை எங்க வீட்டுல முயலுக்குத்தான்டா போடுவோம்" என்றான். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்று டப்பாவை மூடியவன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சத்தம் போட்டேன்.

"இனிமே எனக்குக் கீரை வைக்காதீங்க பாட்டி. வெக்கமா இருக்கு."

பாட்டி என்னைத் திட்டவில்லை. "சரிய்யா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் டப்பாவில் சார்டின் இருந்தது. அந்த டின்னும் கடைக் கணக்கில்தான் வந்திருக்கும். அதை யோசிக்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

இன்று பாட்டி இல்லை. தோட்டமும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு ஒரு பகுதி தாமான் ஆனது. பாட்டியின் மடியில் இருந்த கீரைகளில் ஏழெட்டுக்குத்தான் எனக்கு இன்று பெயர் தெரியும். மற்றவற்றை நேரில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. இந்தப் பாடத்தை எழுத வைத்தது அதுதான்.

வெட்கம் பழையது

நான் பட்ட வெட்கம் எனக்கு மட்டும் வந்ததில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. வறுமையில் வாடும் கிணைவனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுக்கிறாள். போட உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்தால் கேவலம் என்று கதவை அடைத்துவிட்டு, தன் சுற்றத்தோடு சேர்ந்து சாப்பிடுகிறாள். சங்கப் புலவர் நல்லூர் நத்தத்தனார் பாடியது இது. நானும் என் டப்பாவை மூடினேன், அவளும் கதவை மூடினாள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவள் மூடிய கதவுக்குப் பின்னால் எல்லாருக்கும் பங்கு கொடுத்தாள். நான் சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டேன்.

நம் சமயம் கீரையை இழிவாகப் பார்த்ததே இல்லை. மகாபாரத வனபர்வக் கதை உங்களுக்குத் தெரியும். துர்வாசர் சீடர்களோடு பசியாக வருகிறார். திரௌபதியின் அட்சய பாத்திரம் அன்றைக்குக் காலியாகிவிட்டது. கண்ணன் அந்தப் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கீரைத் துணுக்கையும் பருக்கையையும் எடுத்து உண்கிறான். வந்தவர்கள் எல்லாருடைய வயிறும் நிறைகிறது. தேவி மாகாத்மியத்தில் அம்பாளுக்கு சாகம்பரி என்று ஒரு பெயர் உண்டு. மழையில்லாத பஞ்ச காலத்தில் தன் உடலிலிருந்தே கீரை, காய்களை விளைவித்து உலகத்தைக் காப்பாற்றியவள் என்று பொருள். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் துவாதசி அன்று அகத்திக்கீரை சேர்த்துத்தான் விரதம் முடிப்பார்கள். கோயிலில் வணங்குவதைச் சாப்பாட்டு டப்பாவில் கண்டு வெட்கப்படுவது நியாயமா?

நம் உடம்பு கேட்கிறது

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்குச் சுமார் 31 பேர். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதுமான காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' நினைவிருக்கிறதா? தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்றவை, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டில் பாதித் தட்டை நிரப்ப மிகச் சுலபமான வழி கீரைதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கீரை உணவு. அது நீரிழிவைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. கீரை சாப்பிடுகிறேன் என்று யாரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

முதல் பாடம்: அடையாளம்

நம் கண்ணில் அடிக்கடி படும் ஐந்து கீரைகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

குப்பைக்கீரை: வீட்டுப் பின்புறம், கோழிக்கூண்டு ஓரம், எங்கும் முளைக்கும். தண்டில் முள் இருக்காது. நுனியில் பச்சை நிறத்தில் கதிர் போல் பூக்கும். இலையின் முனையில் லேசாகக் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த முள்ளுக்கீரையில் இலை சேரும் இடத்தில் கூரான முள் இருக்கும். இளசாக இருக்கும்போது அதையும் சமைக்கலாம். கை பத்திரம்.

மணத்தக்காளி: மெல்லிய இலை, கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ, பட்டாணி அளவில் காய். பழுத்தால் கருநீலமாகும். வாய்ப்புண் வந்தால் பாட்டி முதலில் தேடுவது இதைத்தான். இதன் பச்சைக் காயைப் பச்சையாக வாயில் போடக்கூடாது. அதில் நச்சுத்தன்மை உண்டு.

வல்லாரை: மலாய்க்காரர்கள் பெகாகா என்பார்கள். ஈரமான புல்தரையில் கொடியாகப் படரும். இலை சிறுநீரக வடிவில், ஓரம் லேசாகப் பல் வெட்டியது போல இருக்கும்.

பாக்குக்கீரை: மலாயில் பூச்சோக் பாக்கு. ஆற்றோரம், சதுப்பு ஓரம் வளரும் பெரணி வகை. சுருண்டிருக்கும் இளந்தளிரை மட்டும்தான் பறிக்க வேண்டும். எல்லாப் பெரணியும் சாப்பிடுகிற பெரணி கிடையாது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் உள்ள வகையும் உண்டு. அதனால் தெரிந்தவர் காட்டாமல் இதைப் பறிக்காதீர்கள். பாசார் தானியில் கட்டாக விற்கிறார்கள், அங்கே வாங்குவது உத்தமம்.

சேக்கூர் மானிஸ்: வேலியோரம் குச்சி நட்டாலே வளரும். பார்க்கக் கூட்டிலை மாதிரி வரிசையாக இலைகள் இருக்கும். சமைத்துச் சாப்பிட நல்ல ருசி. ஆனால் 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க வேண்டும் என்று இதைப் பச்சையாக அரைத்துச் சாறாகத் தினமும் குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நம் வீட்டுப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள்: வேகவைப்போம், கொஞ்சமாகச் சாப்பிடுவோம், நாளைக்கு வேறு கீரை. அந்தப் பழக்கத்துக்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 'இயற்கையானது, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அடையாளம் தெரியாமல் பறித்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவத்தில் கற்றேன். சில வருடங்களுக்கு முன்பு ஜெராய் மலையடிவாரத்தில் ஓர் இளைஞர் முகாம். சமையல் பொறுப்பு என்னுடையது. சேப்பங்கீரை என்று நம்பி ஓடையோரத்தில் இருந்த இலையைப் பறித்துப் புளி ஊற்றிச் சமைத்தோம். இரண்டு கவளம்தான் சாப்பிட்டிருப்போம். நாக்கும் தொண்டையும் ஊசியால் குத்துவதுபோல அரித்தன. பன்னிரண்டு பேர் வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரிப்பு அடங்க இரண்டு மணி நேரம் ஆனது. பக்கத்துக் கம்பத்து மாக்சிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் பறித்தது பீரா என்ற காட்டுக் கெலாடி. அதன் இலையில் கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவப் படிகங்கள் உண்டு, அவைதான் தொண்டையைக் குத்தும். அன்று பெரிதாக ஒன்றும் நடக்காமல் போனது கடவுள் புண்ணியம். பொறுப்பில் இருந்தவன் நான், தப்பும் என்னுடையதுதான்.

அதிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரே விதி: நூற்றுக்கு நூறு தெரிந்தால் பறி, தொண்ணூற்றொன்பது என்றால் விட்டுவிடு. கைப்பேசியில் படம் எடுத்து ஆப்பில் தேடுவது பெயரை யூகிக்க உதவும். சாப்பிடலாமா என்று முடிவு செய்ய அது போதாது. அந்தச் செடியைப் பல வருடம் சமைத்த ஒருவர் கையில் எடுத்துக் காட்ட வேண்டும்.

இரண்டாம் பாடம்: இடம்

என் அம்மா தோட்டத்தில் புல் மருந்து அடிக்கிற வேலை செய்தவர். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு நிரை நிரையாக நடப்பார். மாலையில் பாட்டியிடம், "நாப்பத்தஞ்சாம் நம்பர் தீம்பார்ல இன்னைக்கு அடிச்சோம். அந்தப் பக்கம் கீரை பறிக்காதீங்க அத்தே" என்று சொல்வார். மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்ட அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது. அம்மா அடித்த மருந்துகளில் ஒன்று பாரகுவாட். கொஞ்சம் உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும் விஷம். மலேசியாவில் அதற்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான்.

பாரகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. கிளைபோசேட் போன்றவை இலை வழியாகச் செடிக்குள் இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் போகாது. அடித்துச் சில நாள் வரை செடி பச்சையாகவே நிற்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கு எந்த நிரையில் எப்போது அடித்தார்கள் என்று நமக்குச் சொல்ல அம்மா அங்கே வேலையில் இல்லை. ஆகவே செம்பனைத் தோட்டத்திலும், சாலையோரத்திலும், அல்லூர் ஓரத்திலும், பட்டறை, தொழிற்சாலைப் பக்கத்திலும் கீரை பறிக்காதீர்கள். வண்டிப் புகையும் கழிவு நீரும் படும் மண்ணில் இருக்கிற ஈயம் போன்ற உலோகங்கள் கீரையிலும் சேரும்.

அப்படியென்றால் எங்கேதான் பறிப்பது? வீட்டில். தெரிந்தவர் வீட்டுக் கொல்லையிலிருந்து குப்பைக்கீரையின் முற்றிய கதிரை வாங்கி வந்து தொட்டி மண்ணில் உதிர்த்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். வல்லாரைக்கு வேரோடு ஒரு கொடித் துண்டு போதும். பொன்னாங்கண்ணி தண்டைக் கிள்ளி நட்டால் பிடித்துக்கொள்ளும். முருங்கைக்கு ஒரு போத்து. சுங்கைப் பட்டாணியில் நான் இருப்பது வரிசை வீடு. வாசலில் ஆறு தொட்டிகள்தான் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் கீரைக்குக் குறைவில்லை.

மூன்றாம் பாடம்: சமையல்

முதலில் கழுவுவது. பெரிய பேசினில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கீரையைப் போட்டு அலசுங்கள். பிறகு கீரையைக் கையால் அள்ளி எடுங்கள், தண்ணீரோடு சாய்த்துக் கொட்டாதீர்கள். சாய்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கீரை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். கழுவிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

இனி, நான் டப்பாவில் மூடிவைத்த அதே குப்பைக்கீரைக் கடையல். நான்கு பேருக்கு:

பாசிப்பருப்பு அரைக் கப், ஆய்ந்த கீரை நான்கு பெரிய பிடி, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் இரண்டு, சீரகம் ஒரு தேக்கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, உப்பு தேவைக்கு. தாளிக்கக் கடுகு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் எண்ணெய்.

பருப்பை மஞ்சள் போட்டுக் குழைய வேகவையுங்கள். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து இரண்டு கொதி விடுங்கள். பிறகு கீரையைப் போட்டு, சட்டியை மூடாமல் ஐந்து முதல் ஏழு நிமிடம் வேகவிடுங்கள். மூடினால் கீரை நிறம் மாறிக் கறுத்துவிடும். அடுப்பை அணைத்து, உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும். தாளித்துக் கொட்டுங்கள். பரிமாறும் நேரத்தில் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். இதற்கு நேர்மாறாக வேலை செய்வது நம் தே தாரேக். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்புச்சத்தில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் போய்விடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். குறிப்பாக இரத்தச் சோகை உள்ள பெண்பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

மற்ற கீரைகளுக்குச் சுருக்கமாக: மணத்தக்காளியை வெங்காயம், சீரகத்தோடு வேகவைத்துக் கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றினால் கசப்பு அடங்கிச் சாறு இதமாக இருக்கும். வல்லாரையை எண்ணெயில் லேசாக வதக்கி, தேங்காய், புளி, மிளகாய் வைத்துத் துவையல் அரைக்கலாம். பச்சையாகச் சாப்பிட ஆசைப்பட்டால் சொந்தத் தொட்டியில் வளர்த்ததை மட்டும் சாப்பிடுங்கள். பாக்குக்கீரையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமையுங்கள். சேக்கூர் மானிஸைக் கையால் கசக்கிப் போட்டு முட்டையோடு வதக்கலாம், சைவமாக வேண்டுமென்றால் தௌஃபுவோடு.

"ராத்திரியில கீரை ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் மதியம் சமைத்த கீரை ராத்திரிவரை வெளியில் கிடக்கும். நம் ஊர் வெயிலில் அதில் கிருமி பெருகும். கீரையில் இயல்பாக உள்ள நைட்ரேட்டைக் கிருமிகள் தீங்கான நைட்ரைட்டாக மாற்றவும் செய்யும். ஆகவே சமைத்த வேளையிலேயே சாப்பிட்டு முடிப்பது நல்லது.

சிறுநீரகக் கல் உள்ளவர்களும், சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர்களும் கீரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டிக்குச் சமைத்துக் கொடுப்பதற்கு முன்பு இதை விசாரியுங்கள்.

இந்த மாத வேலை

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் நம் தோட்டத்துப் பெண்கள். என் பாட்டி அப்போது சிறுபிள்ளை. தன் அம்மாவின் பின்னால் நடந்து நடந்தே கீரை கற்றார். எந்தப் புத்தகத்திலும் அவர் படிக்கவில்லை. எனக்கும் அப்படி நடக்க வாய்ப்பு இருந்தது. வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் வட்டாரத்திலும், லூனாஸ், பாடாங் செராய், கூலிம், கோலக்கெட்டில் எங்கே இருந்தாலும், தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டியாவது இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து போய்ப் பாருங்கள். "பாட்டி, நீங்க தோட்டத்துல என்னென்ன கீரை பறிச்சீங்க? எங்களுக்குக் காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர், அடையாளம், சமைக்கும் முறை மூன்றையும் அவர் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் காட்டிய ஒரு செடியை ஒரு தொட்டியில் நடுங்கள்.

அடுத்த வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. உங்கள் வீட்டில் நீங்கள் வெட்கப்பட்டு ஒதுக்கிய உணவு எது? ஏன்?

2. கழுவினாலும் போகாத ஆபத்து எது? அதை எப்படித் தவிர்ப்பது?

3. நீங்கள் சந்தித்த பாட்டிக்குத் தெரிந்து, உங்கள் அம்மாவுக்குத் தெரியாத கீரைகள் எத்தனை?

மூன்றாவது கேள்விக்கு வரும் எண்ணைப் பலகையில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நாம் எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்று அந்தக் கூட்டுத்தொகை சொல்லும்.

போன வாரம் என் மகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் கடையல் வைத்துக் கொடுத்தேன். டப்பா காலியாக வந்தது. "பிள்ளைங்க யாரும் சிரிச்சாங்களாம்மா?" என்று கேட்டேன். "ரெண்டு பேர் சிரிச்சாங்கப்பா. இது குப்பைக்கீரை, எங்க வீட்டுத் தொட்டியில நானே பறிச்சேன்னு சொன்னேன். அதுல ஒருத்தி கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா" என்றாள்.

பாட்டிக்கு நான் சொல்லாத பதிலை அவள் சொல்லிவிட்டாள். நீங்களும் சொல்லுங்கள்.